மார்கழி முதல் பங்குனி வரை: மூன்று பழைய 75-150 ஜூம் லென்ஸ்கள்

மயிலாப்பூரில் நான் வழக்கமாகப் படம் எடுக்கும் சபாவில் எனக்கென்று ஓர் இடம் உண்டு. இடது பக்க வாசலை ஒட்டிய தூண். அங்கே நின்றால் மேடை ஏழெட்டு மீட்டர் தூரம். 75 மி.மீ.யில் (இது லென்ஸின் குவிய நீளம், எண் கூடக் கூடப் படம் நெருங்கி வரும்) பாடகரும் வயலினும் மிருதங்கமும் ஒரே பிரேமில் அடங்கும். 150-க்குப் போனால் ஒருவர் மட்டும், மடியிலிருந்து தலை வரை. இந்தத் தூணை விட்டு நகரவும் முடியாது, ஃபிளாஷும் போட முடியாது. நகர்ந்தால் பின்வரிசை ரசிகர்களுக்கு மறைக்கும்.

இந்த வேலைக்கு எல்லோரும் சொல்வது புதிய 70-200 எஃப்/2.8 (எஃப் எண் சிறிதானால் லென்ஸ் வெளிச்சத்தை அதிகம் உள்ளே விடும்). நல்ல லென்ஸ்தான், மறுக்கவில்லை. ஆனால் அதன் விலையில் பாதிகூட என்னால் செலவழிக்க முடியாது. ஒரு கிலோவோ அதற்கு மேலோ இருக்கும் அந்தக் குழாயை இரண்டரை மணி நேரக் கச்சேரி முழுவதும் தூக்கிப் பிடிக்க என் தோளும் ஒத்துக்கொள்ளாது. அதனால் போன சீசனில் வேறு வழியில் போனேன். ஃபிலிம் காலத்து 75-150 மி.மீ. மேனுவல் ஃபோகஸ் ஜூம்கள் மூன்று: நிக்கான் சீரிஸ் ஈ எஃப்/3.5, ஒலிம்பஸ் சுய்கோ எஃப்/4, பென்டாக்ஸ்-எம் எஃப்/4. மார்கழிக் கச்சேரிகளில் தொடங்கி பங்குனியில் அறுபத்துமூவர் விழா வரை மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டு எடுத்தேன். கேமரா ஒன்றுதான், சோனி ஏ7 மார்க் 2.

75-150 என்ற அளவே இப்போது வழக்கொழிந்துவிட்டது. எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் ஜப்பானிய கம்பெனிகள் பலவும் இதைச் செய்தன. 1972-இல் ஒலிம்பஸ் தன் சிறிய ஓஎம் கேமராவைக் கொண்டுவந்ததிலிருந்து போட்டி அளவில் வந்து நின்றது. யார் சின்னதாகச் செய்வது? பென்டாக்ஸ் 1976-இல் எம்எக்ஸ், எம்இ என்று இறங்கியது. நிக்கான் 1979-இல் ஈஎம் என்ற எளிய கேமராவையும் அதற்கென்று விலை குறைந்த சீரிஸ் ஈ லென்ஸ்களையும் கொண்டுவந்தது. பையில் 85, 100, 135 என்று மூன்று லென்ஸ் சுமப்பதற்குப் பதில் ஒரே லென்ஸ், அதுவும் ஒரு கையில் அடங்கும் அளவில். இதுதான் 75-150-இன் நோக்கம். இரண்டே மடங்கு ஜூம் என்பதால் கண்ணாடியை ரொம்ப வளைத்து நெளிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எல்லாக் குவிய நீளத்திலும் ஒரே அபர்ச்சர், அதாவது ஒரே அளவு திறப்பு, கிடைக்கும். இன்றைய மலிவான கிட் ஜூம்களில் நீளம் கூடக் கூட வெளிச்சம் குறைவது போல இதில் குறையாது.

கெனானும் மினோல்டாவும் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். காரணம் மவுண்ட், அதாவது லென்ஸ் கேமராவில் மாட்டும் இடம். முதலில் நான் வைத்திருந்தது கெனான் டிஎஸ்எல்ஆர். அதில் மவுண்டிலிருந்து சென்சார் வரை 44 மி.மீ. நிக்கானின் 46.5, ஒலிம்பஸின் 46, பென்டாக்ஸின் 45.46 எல்லாம் அதைவிடக் கூடுதல் என்பதால் மெல்லிய வளையம் ஒன்றைப் போட்டால் உட்கார்ந்துவிடும். மினோல்டா 43.5, பழைய கெனான் எஃப்டி 42. இவை இரண்டும் குறைவு. நடுவில் ஒரு கண்ணாடி வைத்த அடாப்டர் இல்லாமல் தூரத்தில் ஃபோகஸ் வராது, அந்தக் கண்ணாடி படத்தைக் கெடுக்கும். உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா வந்த பிறகு இந்தப் பிரச்சினையே இல்லை, சோனியில் இடைவெளி வெறும் 18 மி.மீ.தான். ஆனால் அதற்குள் என்னிடம் சேர்ந்தவை இந்த மூன்று. ஒருநாள் மினோல்டா எம்டி 75-150-ஐயும் போட்டுப் பார்க்க ஆசை.

கையில் எடுத்த உடனே தெரிகிற வித்தியாசத்தை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் கடைசி முடிவைத் தீர்மானித்ததும் அதுதான். நிக்கானிலும் பென்டாக்ஸிலும் வளையம் ஒன்றே ஒன்று. முன்னும் பின்னும் இழுத்தால் ஜூம், திருப்பினால் ஃபோகஸ். ஒலிம்பஸில் இரண்டு தனித்தனி வளையங்கள், இரண்டையும் திருப்ப வேண்டும்.

ஒற்றை வளையத்தில் இடது கை இடம் மாறவே வேண்டாம். பாடகர் கையை உயர்த்தி மேல் ஸ்தாயிக்குப் போகும்போது, இழுப்பதும் திருப்புவதும் ஒரே அசைவில் நடந்து முடிந்துவிடும். மிருதங்கத் தனி தொடங்கும் நேரத்தில் 75-இலிருந்து 150-க்குப் போய் கலைஞரின் விரலில் ஃபோகஸ் வைக்க எனக்கு ஒரு நொடிதான் ஆகிறது. ஒலிம்பஸில் அதே வேலைக்கு விரல்கள் ஒரு வளையத்தைத் தேடி, திருப்பி, அடுத்ததைத் தேட வேண்டும். அந்த நேரத்துக்குள் அந்த முகபாவம் போய்விடும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. நிக்கானும் பென்டாக்ஸும் ஃபோகஸுக்கு ஒரே திசையில் திரும்புகின்றன, ஒலிம்பஸ் எதிர்த் திசையில். ஒரே கச்சேரியில் இரண்டையும் மாற்றிப் போட்டபோது முதல் பத்து நிமிடம் என் கை தப்பாகவே திரும்பியது. இது ஒலிம்பஸின் குறை ஆகாது. ஆனால் இரண்டு கம்பெனி லென்ஸ் கலந்து வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம்.

அதே சமயம் ஒற்றை வளையத்துக்கு ஒரு விலை உண்டு. மூன்றுமே ஜூம் மாற்றினாலும் ஃபோகஸ் மாறாத லென்ஸ்கள். 150-இல் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் வைத்துவிட்டு, 75-க்கு வந்தாலும் கூர்மை அப்படியே இருக்க வேண்டும். ஒலிம்பஸில் இருக்கிறது. நிக்கானில் வளையத்தைத் தள்ளும்போது கை ஒரு மயிரிழை திரும்பினாலும் ஃபோகஸும் கூடவே நகர்ந்துவிடும். நிதானமாக எடுப்பவருக்கு இரண்டு வளையம் நல்லது. எனக்கு அந்த நிதானத்துக்கு நேரம் இல்லை.

இங்கே அடாப்டர் பற்றி ஒரு வார்த்தை. முதலில் வாங்கிய மலிவான நிக்கான் அடாப்டரில் ஜூம் மாற்றும்போதெல்லாம் ஃபோகஸ் ஓடியது. லென்ஸ்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டு வாரம் மனம் உடைந்து கிடந்தேன். தப்பு அடாப்டரில்தான். நிக்கானிலிருந்து சோனிக்கு அது சரியாக 28.5 மி.மீ. தடிமன் இருக்க வேண்டும். முடிவிலிக் குறியைத் தாண்டியும் ஃபோகஸ் வரட்டும் என்பதற்காகப் பல அடாப்டர்களைச் சற்று மெல்லியதாகவே செய்கிறார்கள். ஒரே நீளம் கொண்ட பிரைம் லென்ஸில் அது தெரியாது. ஜூமில் உடனே தெரியும். நான் அடாப்டரைக் கழற்றி உள்ளே மெல்லிய தகடு வைத்து அளவைச் சரிசெய்தேன், அதன்பின் ஃபோகஸ் நின்றது. பழைய ஜூம் ஒன்றைக் குறை சொல்வதற்கு முன் அடாப்டரை மாற்றிப் பாருங்கள்.

சரி, படம் எப்படி?

கச்சேரி மேடையில் நிக்கான் மற்ற இரண்டையும் தாண்டி நிற்கிறது. எஃப்/3.5 என்பதால் மட்டும் சொல்லவில்லை. எஃப்/4-க்கும் அதற்கும் இருப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு ஸ்டாப்தான் (வெளிச்சம் இரண்டு மடங்கானால் அது ஒரு ஸ்டாப்). சென்சாரின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓ நிக்கானில் 3200 என்றால் மற்ற இரண்டிலும் 4000, அவ்வளவே. ஷட்டரை மூன்றிலும் நூறில் ஒரு நொடியில் பூட்டிவிடுவேன். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மேடை விளக்கு நொடிக்கு நூறு முறை துடிக்கும், வேறு வேகம் வைத்தால் சில விளக்குகளில் படத்தின் குறுக்கே பட்டை விழுகிறது. ஆக வேகத்தைக் குறைக்கவும் வழியில்லை, லென்ஸை முழுதாகத் திறந்துதான் எடுக்க வேண்டும். முழுதாகத் திறந்த நிலையில் நிக்கான் 75-இலும் 100-இலும் தரும் கூர்மை என்னை ஆச்சரியப்பட வைத்தது. வயலின் கலைஞரின் வில்லில் பூசும் ரோசின் பொடி படிந்திருப்பது தெரிகிறது. 150-இல் கொஞ்சம் மென்மையாகும். எஃப்/5.6 வைத்தால் அதுவும் போய்விடும்.

பென்டாக்ஸ் முழுதாகத் திறந்த நிலையில் அதைவிட ஒரு படி கீழே. ஆனால் நிறம் அழகு. பட்டுப் புடவையின் அரக்கும் மேடைப் பின்திரையின் பழுப்பும் தனித்தனியாக நிற்கும். முகத்தின் நிறத்தை நான் கணினியில் திருத்தவே இல்லை. ஒலிம்பஸ் 150-இல் எஃப்/4 வைத்தால் மங்கலாக, மேலே ஒரு மெல்லிய ஆவி படிந்தது போல இருக்கிறது. எஃப்/8-இல் அருமையாக மாறிவிடுகிறது. கச்சேரி மேடையில் எஃப்/8-க்கு வெளிச்சம் எங்கே?

ஒலிம்பஸுக்கு அநியாயம் செய்துவிடக் கூடாது என்று இதை இரண்டு முறை சரிபார்த்தேன். காரணம், என்னுடைய பிரதி நல்ல நிலையில் வரவில்லை. வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் இணையத்தில் வாங்கினேன். கண்ணாடி சுத்தம் என்று எழுதியிருந்தார். வந்ததும் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தால் ஓரத்தில் சிலந்தி நூல் போல ஃபங்கஸ். எனக்குத் தெரிந்த கேமரா மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். முப்பது வருடமாக இதே தொழிலில் இருப்பவர். லென்ஸைப் பிரித்து, துடைத்து, விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஃபங்கஸ் போயிடுச்சு சார். ஆனா அது கோட்டிங்கைத் தின்ன இடம் இருக்கே, அது போகாது."

"படத்துல தெரியுமாண்ணே?" என்றேன்.

"எதிர்ல விளக்கு இருந்தா தெரியும். இல்லேன்னா தெரியாது."

விற்பனையாளரிடம் எழுதிக் கேட்டு மூன்று வாரம் கழித்துப் பாதிப் பணம் திரும்ப வந்தது. அதன்பிறகு நண்பர் ஒருவரிடமிருந்து ஒரு கீறல்கூட இல்லாத சுய்கோ 75-150-ஐ இரவல் வாங்கி அதே தூணருகே நின்று எடுத்தேன். எதிர்வெளிச்சத்தில் என்னுடையதைவிட நன்றாக இருந்தது. 150-இல் எஃப்/4 வைத்தபோது அதே மென்மைதான். ஆக, அது அந்த லென்ஸின் சுபாவம்.

பங்குனிக்கு வந்தால் கதை மாறுகிறது. அறுபத்துமூவர் அன்று மாட வீதிகளில் பிற்பகல் வெயில் எதிரே அடிக்கும். பல்லக்குகளின் பித்தளை, வெள்ளி, நனைந்த வேட்டி, எங்கு பார்த்தாலும் பளபளப்பு. இங்கே நிக்கான் திணறியது. சூரியன் பிரேமுக்கு வெளியே இருந்தாலும் படத்தின் குறுக்கே வெளிறிய திரை விழுந்தது, நிழல்கள் சாம்பலாயின. விலையைக் குறைக்க வேண்டும் என்று செய்த வரிசை அது. எதிரொளியைத் தடுக்கக் கண்ணாடியில் பூசும் கோட்டிங்கிலும் சிக்கனம் பிடித்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பக்கவாட்டு வெளிச்சத்தை மறைக்கும், திருகிப் போடும் ஹூட் ஒன்று வாங்கிப் போட்டேன். பாதிக்குப் பாதி சரியானது. பென்டாக்ஸ் அதே இடத்தில், அதே வெயிலில், ஹூட் இல்லாமலே கறுப்பைக் கறுப்பாகக் காட்டியது. எஸ்எம்சி என்று லென்ஸின் நெற்றியில் எழுதியிருக்கும் பல அடுக்குக் கோட்டிங்கை பென்டாக்ஸ் 1971-லேயே கொண்டுவந்துவிட்டது. அந்த எழுத்துக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது என்பதை வடக்கு மாட வீதியில் பார்த்தேன்.

ஒலிம்பஸுக்கு இழுத்து விடும் ஹூட் உடம்போடே இருக்கிறது. தனியாக வாங்கவோ தொலைக்கவோ வேண்டாம். இந்த அக்கறை எனக்கு ரொம்பப் பிடித்தது. வெயிலில் எஃப்/8 வைத்துக்கொண்டு நடந்தபோது அந்த லென்ஸ் தன் இடத்துக்கு வந்துவிட்டதாகத் தோன்றியது. எடையும் சுமார் 440 கிராம்தான். பென்டாக்ஸ் அதைவிட இருபத்தைந்து கிராம் கூட. நிக்கான் 520.

மொட்டை மாடியிலும் ஒரு சோதனை செய்தேன். வெளுத்த வானத்துக்கு எதிரே போகும் மின்கம்பிகளை எடுத்தால் லென்ஸ்களின் நிறப்பிழை பொய் சொல்லாமல் வெளியே வரும். மூன்றிலும் கம்பிகளின் ஓரத்தில் ஊதாக் கோடு உண்டு. ஒலிம்பஸில் அதிகம், நிக்கானில் குறைவு. கணினியில் ஒரு சொடுக்கில் போய்விடுவதால் இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கிட்டப் போகும் தூரம் வேறு விஷயம், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். நிக்கான் 1 மீட்டர் வரை நெருங்கும். பென்டாக்ஸ் 1.2, ஒலிம்பஸ் 1.6. கச்சேரிக்கு முன் கலைஞர்கள் தயாராகும் அறையில் தம்பூரா சுருதி சேர்க்கும் விரல்கள், ஜீவாளி நூல், மிருதங்கத்தின் கரணை இவற்றையெல்லாம் எடுக்க அந்த அறுபது சென்டிமீட்டர் நிஜமாகவே வேண்டியிருக்கிறது. ஒலிம்பஸோடு சுவரில் முதுகு ஒட்டும் வரை பின்னால் போக வேண்டியிருந்தது.

நிக்கானின் பெரிய குறையைச் சொல்லாமல் விடக் கூடாது. இதை வாங்கிய ஒவ்வொருவரும் சந்திப்பது இது. ஜூம் வளையம் தளர்ந்து தொளதொளவென்று ஆகிவிடும். கேமராவைக் கொஞ்சம் சாய்த்தால் போதும், வளையம் தன்பாட்டுக்குச் சரிந்து ஓடும். தூணில் சாய்ந்து மேடையை நோக்கி எடுக்கும்போது சமாளிக்கலாம், மாடத்திலிருந்து கீழே பார்த்து எடுத்தால் 120-இல் வைத்தது அங்கே நிற்காது. இறுக்கமாக இருக்கும் சீரிஸ் ஈ 75-150-ஐ நான் இதுவரை கையில் தொட்டதில்லை. நான் கண்ட தீர்வு, அகலமான ரப்பர் பேண்ட். வளையத்தின் விளிம்பும் குழாயும் சந்திக்கும் இடத்தில் மாட்டினால் சரிவது நின்று, இழுக்கும்போது கொஞ்சம் பிடிமானமும் கிடைக்கிறது. மெக்கானிக்குகள் வளையத்தின் உள்ளே மெல்லிய டேப் ஒட்டியும் இறுக்கித் தருகிறார்கள். பார்க்க ரப்பர் பேண்ட் அசிங்கம்தான். அதோடுதான் அந்தச் சீசனின் சிறந்த படங்கள் எல்லாம் வந்தன.

இந்த லென்ஸின் மேல் நிக்கோர் என்ற பெயர் இல்லை. நிக்கான் லென்ஸ் சீரிஸ் ஈ என்று மட்டும்தான் எழுதியிருக்கும். தன் நல்ல லென்ஸ்களுக்கு வைக்கும் பெயரை இதற்குக் கொடுக்க அந்தக் கம்பெனிக்கு மனம் வரவில்லை. இன்றும் விலை குறைவாகக் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நான் கொடுத்தது எட்டாயிரம் ரூபாய். நிக்கோர் என்று எழுதியிருந்தால் இந்தக் கண்ணாடிக்கு இரண்டு மடங்கு கேட்டிருப்பார்கள்.

யார் எதை வாங்கலாம்? பென்டாக்ஸ் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம். 1975-இல் வந்த கே மவுண்ட் அடிப்படையில் இன்னும் மாறாததால் அடாப்டரே இல்லாமல் பென்டாக்ஸ்-எம் மாட்டிக்கொள்ளும். எம் (மேனுவல்) மோடில் வைத்து பச்சை பட்டனை அழுத்தினால் வெளிச்சம் அளக்கும் மீட்டரும் காட்டும். வெயிலில், விழாக்களில், கல்யாண வீட்டு வாசலில் எடுப்பவர்களுக்கும் என் பரிந்துரை இதுதான். ஒலிம்பஸை, ஓஎம் ஃபிலிம் கேமரா வைத்திருப்பவர்களுக்கும் பயணத்தில் எடை குறைக்க நினைப்பவர்களுக்கும் மட்டும் சொல்வேன். நிக்கான் உடல் வைத்திருப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: டி750 போன்றவற்றில் இந்த ஜூமுக்கு மீட்டர் வேலை செய்யும், டி3500, டி5600 போன்ற தொடக்க நிலை உடல்களில் லென்ஸ் மாட்டிக்கொள்ளும், மீட்டர் வேலை செய்யாது. சோனியில் கை நடுக்கத்தைச் சமாளிக்க உள்ளே இருக்கும் ஸ்டெடிஷாட்டுக்குக் குவிய நீளத்தை நாமே சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஜூமுக்கும் மாற்றிக்கொண்டிருக்க முடியாது. நான் கச்சேரி முழுக்க 100 என்று வைத்துவிட்டு, 150-இல் நிலைத்து எடுக்கும்போது மட்டும் மாற்றுகிறேன்.

மேடைக்கு நிக்கான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒலிம்பஸை விற்றுவிட்டேன், அந்தக் கோட்டிங் கறையை டார்ச் அடித்துக் காட்டிவிட்டுத்தான் கொடுத்தேன். பென்டாக்ஸ் பங்குனிக்காக இருக்கிறது. இரண்டும் இப்போது மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடும் ஒரு சிறிய ஈரப்பத மீட்டரோடும் இருக்கின்றன. ஐப்பசி மழை தொடங்கினால் சென்னைக் காற்றில் முள் எண்பதைத் தாண்டும். டப்பாவுக்குள் அது ஐம்பதுக்கு மேல் ஏறினால் பொட்டலங்களை மாற்றுவேன்.

நிக்கானை நேரில் பார்த்து வாங்கப் போகிறவர்கள் டார்ச்சும் ஒரு அகலமான ரப்பர் பேண்டும் எடுத்துப் போங்கள். பின்பக்கம் டார்ச் அடித்து ஓரங்களில் நூல் இருக்கிறதா பாருங்கள். அபர்ச்சர் இதழ்களில் எண்ணெய் மினுக்கம் இருந்தால் வேண்டாம். வளையம் சரிந்தால் முகம் சுளிக்காமல் விலையைக் குறைத்துக் கேளுங்கள், ரப்பர் பேண்டை அங்கேயே மாட்டி 150-இல் ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.